கறுப்புத் துணியில் பத்து இழுப்பு

மார்ச் 2

சுண்டுவுக்கு,

இந்தப் பெயரை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இருபது வயதுப் பெண்ணைச் சுண்டு என்று கூப்பிடக் கூடாது என்று நீயே ஒருமுறை சொன்னாய். ஆனால் உன் முழுப்பெயரை எழுதினால் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

போனில் பேசலாம்தான். நீ போன ஏழு மாதத்தில் மூன்று தடவை பேசினோம். மூன்றும் எப்படி முடிந்தன என்று இருவருக்கும் தெரியும். கடிதத்தில் ஒரு வசதி, நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். என்னை லென்ஸ் அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

போன வாரம், கட்டி முடித்து அனுப்ப இருந்த ஒரு டப்பாவில், லென்ஸின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு துளி ஒட்டியிருந்தது. நூலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது தோல் செதில் என்று தெரிந்தது. மனிதர் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அது. நீ சின்னதில் கேட்பாயே, "கண்ணுக்குள்ள தூசி விழுந்தா எடுக்கலாம், தூசியோடவே உள்ள வச்சா எப்படிம்மா எடுப்பாங்க?" என்று. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அறையில் நாங்கள் நான்கு பேர். மேற்பார்வையாளர் ஆளுக்கொரு கறுப்புத் துணியை விரித்து, தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்து சீப்பால் பத்து இழுப்பு இழுக்கச் சொன்னார். மற்ற மூவர் துணியிலும் அங்கொன்றும் இங்கொன்றும். என் துணியைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்: "ஆறு வாரம் பேக்கிங்ல இருங்கக்கா. ஏப்ரல் பதினஞ்சு திரும்பப் பார்க்கிறேன். அன்னிக்குத் துணி சுத்தமா இருந்தா உங்க இடம் உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும்."

அந்த இடம் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய பட்டியலாக இல்லை.

நீ படிப்பது இந்தத் தலை, பொடுகு விஷயத்தைத்தானே. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நேரமிருந்தால் எழுது.

அம்மா


மார்ச் 9

அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. நான் படிப்பது இதைத்தான். கல்லூரியை விட்டுவிட்டு இதற்கு வந்தபோது, "நாலு பேருக்கு நடுவுல என் பொண்ணு ஊரார் தலையைச் சொறிஞ்சு விடுறான்னு நான் சொல்லணுமா?" என்று கேட்டீர்கள். இப்போது உங்கள் தலை. ஊரார் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

இங்கே யார் வந்தாலும் நாங்கள் முதலில் ஒரு அட்டையை நிரப்புவோம். அதில் இருப்பதையே கேட்கிறேன். எப்போதிலிருந்து இருக்கிறது? அரிப்பு அதிகமா, எரிச்சல் அதிகமா? செதில் காய்ந்து உதிர்கிறதா, பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? வாரத்தில் எத்தனை நாள் தலைக்குக் குளிக்கிறீர்கள், எதைப் போட்டு? முடி நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொப்பி போடுகிறீர்களா? எண்ணெய் உண்டா? இவை தவிர வேறு எதையாவது தலையில் தடவுகிறீர்களா? கடைசிக் கேள்விக்குப் பொய் சொல்கிறவர்கள்தான் அதிகம் என்று எங்கள் டீச்சர் சொல்வார்.

புண் இருந்தால் எங்கே என்று படம் வரைந்து அனுப்பவும். ரத்தமோ நீரோ வந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் தோல் டாக்டரிடம் போகவும்.

ஒன்று கேட்க வேண்டும். நான் கிளம்பிய அன்று டாக்சி பத்து நிமிடம் நின்றது. நீங்கள் வாசலுக்கு வரவில்லை. இது அட்டையில் இல்லாத கேள்வி. பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு, மகள்


மார்ச் 15

சுண்டுவுக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். மாடி வீட்டு அம்மாளுக்கு எழுதிய கடிதம் தவறி எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். சரி, கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

லேசாக முன்பே இருந்தது. நீ போன பிறகுதான் அதிகமானது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டாய், சொல்கிறேன். முதலில் அரிப்பு. இப்போது எரிச்சல். முதலில் பிசுபிசுப்பாக ஒட்டியது, இப்போது சில இடங்களில் காய்ந்து உதிர்கிறது. தினமும் காலையில் தலைக்குக் குளிக்கிறேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொள்வேன், லென்ஸ் அறையில் இருந்தவரை அதன்மேல் தொப்பி. பத்து மணி நேரம் கழித்துக் கழற்றும்போது உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். எண்ணெய் உண்டு. விரலில் கொஞ்சம் எடுத்து வகிட்டில் அழுத்தி வைப்பேன். வைத்தால் செதில் பறக்காமல் படிந்துவிடுகிறது. அன்று ஒன்று எப்படிப் பறந்தது என்றுதான் தெரியவில்லை.

வேறு எதுவும் தடவுவதில்லை.

படம் இணைத்திருக்கிறேன். பதினெட்டு வருடப் பழக்கத்தில் கடிகார முகம் மாதிரிதான் வரைய வந்தது. லென்ஸில் கீறல் இருந்தால் 'மூன்று மணி ஓரம்', 'ஏழு மணி ஓரம்' என்று குறிப்போம். நெற்றிப் பக்கத்தைப் பன்னிரண்டு என்று எடுத்துக்கொள். சிவப்புப் பேனாவில் இருப்பது புண், பென்சிலில் இருப்பது செதில்.

பின்தலையைப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பிடித்தால், முடியை விலக்கக் கை இல்லை. சீப்பின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு முயன்றேன். எத்தனையோ ஆயிரம் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், என் பின்தலையை நாற்பத்தாறு வயதில்தான் முதன்முறை பார்க்கிறேன். யாரோ ஒரு வயதானவளுடையது போல இருந்தது. ஆறு மணிக்குக் கீழே எனக்குத் தெரியவில்லை. அங்கே வெறும் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என் பின்னால் உட்கார்ந்து, புதிதாக ஏதாவது பின்னலைப் பழகிப் பார்ப்பாய். நான் காய் நறுக்கிக்கொண்டே, "இழுக்காதடி, கழுத்து ஒடியுது" என்று திட்டுவேன். அதற்குப் பிறகு என் தலையை இன்னொரு கை தொட்டதில்லை. இது உன் அட்டையில் எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியவில்லை.

அட்டையில் இல்லாத அந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுத வரவில்லை.

அம்மா


மார்ச் 22

அம்மா,

படத்தை எங்கள் டீச்சரிடம் காட்டினேன், யாருடையது என்று சொல்லாமல். "இவ்வளவு சுத்தமா தலையை யார் வரைஞ்சது? என்ஜினீயரா?" என்றார்.

முதலில் திட்டிவிடுகிறேன். எல்லாருடைய தலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. அதற்குச் சாப்பாடு எண்ணெய்ப் பசை. ஈரம் வேறு கிடைத்தால் கேட்கவே வேண்டாம். நீ எண்ணெய் வைத்து, ஈரத்தோடு கொண்டை போட்டு, மேலே தொப்பி போட்டு மூடி, பத்து மணி நேரம் அதற்கு விருந்து வைத்திருக்கிறாய். செதிலைப் படிய வைத்தால் பொடுகு போய்விடாது. பாயைத் தூக்கிக் குப்பையை அடியில் தள்ளுகிற வேலை அது. நான் அப்படிச் செய்ததற்கு நீ என்னை விளக்குமாற்றோடு துரத்தியிருக்கிறாய்.

ஆனால் அது பென்சில் பகுதிக்கு. சிவப்புப் பகுதி எனக்குப் புரியவில்லை. பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை நேராக ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் விரற்கடை தள்ளி இன்னொன்று. அப்படி ஐந்து கோடு. பொடுகு யார் தலையிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வராது. யாரோ வகிடு வகிடாகப் பிரித்து எதையோ வைத்துத் துடைத்திருக்கிறார்கள். நீ தனியாக இருக்கிறாய், அதனால் அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

என்ன போட்டாய்? திட்டமாட்டேன். சொல்லு.

இங்கே எனக்கும் ஒரு தலை இருக்கிறது. ரப்பர் தலை, பழகிப் பார்ப்பதற்குக் கொடுத்தது. இந்த அறையில் எல்லாரும் அதை மாமியார் என்றுதான் சொல்வோம், எவ்வளவு தேய்த்துவிட்டாலும் முகம் மலராது. சனிக்கிழமைகளில் மற்றப் பெண்களுக்கு அத்தை, சித்தி, அக்கா என்று யாராவது வந்து உட்காருவார்கள். சுடு தண்ணீர் பட்டதும் ஐயோ என்பார்கள், சிரிப்பார்கள். நான் மாமியாரோடு இருப்பேன். அதற்குத் தண்ணீர் சுடுகிறதா என்று கேட்டுக்கேட்டே பழகிவிட்டேன்.

சுண்டு


மார்ச் 28

சுண்டு,

ஸ்பிரிட். லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்.

தேதி முடிந்து ஒதுக்கிய பாட்டிலை, மூக்குக்கண்ணாடி துடைக்க என்று கேட்டு வாங்கி வந்தேன். நூல் உதிராத அந்த வெள்ளைத் துணியும் வீட்டில் இருந்தது. நீ போன இரண்டாவது மாதம், ஒருநாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது அரித்தது. எனக்குத் தெரிந்த சுத்தம் அது ஒன்றுதான். பதினெட்டு வருடம் எதில் எந்தக் கறை இருந்தாலும் அதைத் தொட்டுத் துடைத்தால் போயிருக்கிறது. வகிடு எடுத்தேன், துடைத்தேன், அடுத்த வகிடு. சில்லென்று இருந்தது. மறுநாள் செதில் அதிகமானது. சரியாகத் துடைக்கவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். படித்தவள்தான் நான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

உண்மையைச் சொன்னால், சாயங்காலங்களில் செய்வதற்கு ஒரு வேலையாகவும் அது இருந்தது. முக்கால் மணி நேரம் போய்விடும்.

பாட்டிலைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தோல் டாக்டரைப் பார்த்தேன். புண் ஆற ஒரு களிம்பு கொடுத்தார். ஆறத் தொடங்கியதும் வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பூ, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். எண்ணெய் வேண்டாம், நகம் படக் கூடாது, முடி காயாமல் கட்டக் கூடாது. நீ எழுதியதையே அவரும் சொன்னதால், "தெரியும் டாக்டர்" என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க" என்றேன்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. என் மகள் சொன்னாள் என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், மகள் என்ன படிக்கிறாள் என்று அடுத்துக் கேட்டிருப்பார். அதற்குப் பயந்து வாய் தானாகவே வழுக்கிவிட்டது. இதை உனக்கு எழுதாமலே விட்டிருக்கலாம். கடைசிக் கேள்விக்குப் பொய் சொன்னவள் இன்னொன்றையும் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நீ கிளம்பிய அன்று நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களையே எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். டாக்சி சத்தம் கேட்கக் கூடாது என்று. கேட்டது.

அம்மா


ஏப்ரல் 4

அம்மா,

தெரிஞ்ச ஒருத்தங்க. நல்லது. அந்தத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் குழாயைத் திறந்து கை கழுவும்போது உன் பாத்திரம் ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

களிம்பை நிறுத்தாதே. புண் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் டாக்டர் சொன்ன நாள்வரை போடு. பின்தலையில்தான் உனக்குச் சிக்கல் வரும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் யாரும் ஒழுங்காகத் தேய்ப்பதில்லை. உன் கேள்விக்குறிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு அனுமானம் இருக்கிறது.

எங்களுக்குச் செய்முறைத் தேர்வு வருகிறது. நிஜமாகவே தலைப் பிரச்சினை இருக்கும் ஒருவரை ஆளுக்கொருவர் கூட்டி வர வேண்டும். வெளித் தேர்வாளர் வருவார். அறைக்குள் நுழைந்ததும் உறவு, சினேகம் எல்லாம் கிடையாது. யாரைக் கூட்டி வந்தாலும் முதன்முறை பார்க்கும் வாடிக்கையாளர் மாதிரிதான் நடத்த வேண்டும். ஆள் வராவிட்டால் தேர்வு இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்தது.

தேதி ஏப்ரல் 15. பலகையில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்டதாக நீ எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். விடுதிச் சமையல்காரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்குப் பொடுகு இருக்கிறது, ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். மாவு என்கிறார்.

சுண்டு


ஏப்ரல் 9

சுண்டு,

வீட்டிலேயே கறுப்புத் துணி விரித்துப் பத்து இழுப்பு இழுத்துப் பார்த்தேன். ஏழு செதில். போன ஞாயிறு நாற்பதுக்கு மேல். புண் எல்லாம் ஆறிவிட்டது. முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பின்பக்கம்தான் நீ சொன்னபடி. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அன்றைக்குத் துணி சுத்தமாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

தேதியை இரண்டு நாள் தள்ள முடியுமா என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன். "அன்னிக்குத்தான் தர அதிகாரி வர்றார்க்கா. நாலு பேர் பேரும் அவர்கிட்ட போயிடுச்சு. நீங்க இல்லேன்னா அவர் வேற பேரை எழுதிட்டுப் போயிடுவார்" என்றார். நியாயம்தான். பக்கத்து நாற்காலிக்காரி கேன்டீனில் வந்து உட்கார்ந்து, "சீக்கிரம் வந்திருங்கக்கா, உங்க நாற்காலியில நான் பையைத்தான் வச்சிருக்கேன்" என்றாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நானும் மறந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

சமையல்காரம்மாவிடம் மறுபடி கேட்டுப் பார். மாவாக இருந்தால் தலைக்குக் குளித்ததும் போயிருக்கும் என்று சொல்.

உங்கள் பயிற்சிக்கூடம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரமா? சும்மாதான் கேட்டேன்.

அம்மா


ஏப்ரல் 17

சுண்டு,

நேற்று முன்தினம் ராத்திரி வீடு வந்து சேர்ந்தேன். தேர்வு முடிந்ததும் அடுத்த பெண்ணுக்கு இடம் விடச் சொல்லி என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். உனக்கு எழுத்துத் தேர்வு பாக்கி என்றும் மாலைவரை வெளியே விடமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். எனக்குக் கடைசிப் பேருந்து நான்கு மணிக்கு. பார்க்காமல் வந்தேன்.

நான் உள்ளே வந்தபோது நீ மாமியாரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாய். உன் நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் உன் கையிலிருந்த சீப்பு நின்றது. தேர்வாளர் நிமிர்வதற்குள் சுதாரித்துக்கொண்டு, "வாங்க மேடம், உக்காருங்க" என்றாய். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. வீட்டில் உன் குரல் எப்போதும் எதையாவது எதிர்த்துக்கொண்டே இருக்கும்.

முடியைப் பிரித்தாய். நான்கு பாகமாக எடுத்துக் கிளிப் போட்டாய். பின்தலைக்கு வந்ததும் உன் விரல் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. என் கேள்விக்குறியைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்தது. "தண்ணி சூடு சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டாய். சரியாக இருக்கிறது என்றேன். கொஞ்சம் சூடு அதிகம்தான். சொன்னால் கையை எடுத்துவிடுவாய் என்று சொல்லவில்லை. மன்னித்துக்கொள், மதிப்பெண் குறைந்திருக்குமோ என்னவோ.

நாற்பது நிமிடம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது நல்லதாகப் போயிற்று. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று உன் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வருடத்தில் என் கைக்கு வந்தது உனக்கு இந்த எட்டு மாதத்தில் வந்திருக்கிறது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். மேடத்துக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை.

அட்டையில் கடைசியாக ஒன்று கேட்டாயே, "பின்தலையைப் பார்த்து மருந்து போட வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?" என்று. இல்லை என்றேன். உன் பேனா நின்றுகொண்டே இருந்தது. அந்த 'இல்லை'யை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை சுண்டு. தேர்வாளர் பக்கத்தில் நின்றார், நான் உள்ளதைச் சொன்னேன்.

லென்ஸ் அறையில் என் நாற்காலிக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். இன்று காலை சொன்னார்கள். உன் தலையில் பாரம் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. நீயாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது நல்லது. பேக்கிங்கில் தொப்பி கிடையாது, தலைக்குக் காற்று படுகிறது. ஜன்னலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, பார்க்க லென்ஸ் எதுவும் இல்லாமல் கை சும்மா இருக்கும் நேரங்கள் உண்டு. அதுதான் இன்னும் பழகவில்லை.

மதியம் பேக்கிங்கில் இருக்கும் பெண் ஒருத்தி, நேற்று முன்தினம் ஏன் வரவில்லை என்று கேட்டாள். "என் பொண்ணுக்குப் பரீட்சை. தலை வைத்தியம் படிக்கிறா" என்றேன். அவளுக்கும் அரிக்கிறதாம். உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா


ஏப்ரல் 25

அம்மா,

பாஸ். நூற்றுக்கு எண்பத்தொன்று.

தண்ணீர்ச் சூட்டுக்கு இரண்டு போனது. உன் கழுத்து சிவந்திருந்ததைத் தேர்வாளர் பார்த்துவிட்டார். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாய், தெரியும்.

இன்னொரு மதிப்பெண் அந்தக் கடைசிக் கேள்விக்குப் போனது. நீ இல்லை என்றாய். நான், 'உண்டு. வெளியூரில் இருக்கிறாள்' என்று எழுதினேன். தேர்வாளர் அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் இருப்பவரை மட்டுமே எழுத வேண்டும் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். விதிப்படி அவர் சொன்னது சரி. நான் டீச்சரிடம் போய் வாதாடவில்லை.

நாற்காலி விஷயத்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பதில் எழுதி எழுதி இரண்டு தாள் கிழித்தேன். நன்றி என்று எழுதினால் மேடத்துக்கு எழுதுவது போல இருக்கிறது.

உன் வாடிக்கையாளர் அட்டையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு மணிக்குக் கீழே நீ கேள்விக்குறி போட்ட இடத்தை நானே வரைந்திருக்கிறேன், பார். ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு திட்டு, இடது பக்கம் சாய்ந்து. நீ நினைத்த அளவுக்கு இல்லை. வயதானவள் தலையும் இல்லை. அட்டையின் அடியில் 'அடுத்த முறை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மே 11, ஞாயிறு, வாடிக்கையாளர் வீட்டில் என்று எழுதியிருக்கிறேன். மறுநாள் காலை வகுப்பு, அன்றே திரும்ப வேண்டும். நான்கு மணி நேரம்தான் இருப்பேன்.

அன்று நீயாகத் தலைக்குக் குளித்துவிடாதே. துடைத்துப் பெருக்கிச் சுத்தம் செய்து வைக்காதே. இருக்கிறபடி இருக்கட்டும், நான் பார்க்க வேண்டும். காய் இருந்தால் எடுத்து வை, நறுக்கிக்கொண்டே உட்காரலாம்.

தண்ணீர் சுட்டால் சொல்லு.

சுண்டு